கல்லடியிலிருந்து ரொறன்ரோ: விமானத் தூரம் ஒன்று, பயண நேரம் வேறு

மகள் கனடா போன பிறகு, 2015 இலிருந்து நானும் மனுசியும் நாலு தடவை போய்வந்துவிட்டோம். அடுத்த மாதம் முதன்முதலாகப் போகிற சொந்தக்காரர் ஒருவர், கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து ரொறன்ரோ எவ்வளவு நேரம் என்று கேட்டார். இணையத்தில் பார்த்தால் சுமார் 14,000 கிலோமீற்றர், 16, 17 மணித்தியாலம் என்று காட்டும். அது எங்கும் நிற்காமல் நேரே பறந்தால் வருகிற கணக்கு, ஆனால் அப்படி ஒரு விமானம் இல்லை.

எங்கள் கடைசிப் பயணத்தைச் சொல்கிறேன். காலை 9 மணிக்கு மட்டக்களப்பு கல்லடியில் கேற்றைப் பூட்டி வான் வண்டியில் ஏறினோம், ஸ்கார்பரோவில் மகள் வீட்டுக் கதவு திறக்கும்போது 37 மணித்தியாலம் போயிருந்தது. அதில் பறந்தது 18½ மணித்தியாலம்தான். மட்டக்களப்புக்கும் கட்டுநாயக்காவுக்கும் வான்வழியில் 200 கிலோமீற்றர் சொச்சம், ஆனால் வாழைச்சேனை, பொலன்னறுவை, ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று சுற்றிப் போக 7 மணித்தியாலம் பிடிக்கிறது. கடல் தாண்டி, விமானம் மாறுகிற டுபாய்க்கு 3,290 கிலோமீற்றர், அதற்கு நாலரை மணித்தியாலம் போதும்! எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் பயணத்தில் இடுப்பை முறிக்கிற பகுதி இந்த ரோட்டுத்தான். ஹபரணையில் இறங்கி ஒரு தேத்தண்ணி குடித்துக் கொஞ்சம் நடவுங்கள், முழங்காலுக்கு நல்லது.

டுபாய் போனால் சுற்று என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பேரனின் உலக உருண்டையில் நூல் பிடித்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. டுபாயிலிருந்து ரொறன்ரோ 11,080, இரண்டையும் கூட்டினால் 14,370, நேர்த்தூரத்தைவிட 370 கிலோமீற்றர்தான் கூட. நூல் அத்திலாந்திக்கின் நடுவால் போகாமல் வடக்கே ஏறி ஐஸ்லாந்து, கிறீன்லாந்துப் பக்கமாக இறங்குகிறது, விமானத்தின் திரையிலும் கிட்டத்தட்ட அதே கோடு. தட்டையான படத்தில் அது வளைவு, உருண்டையில் அதுதான் குறுக்குவழி. திரும்பி வரும்போது மேலே மேற்கிலிருந்து அடிக்கிற காற்று முதுகில் தள்ளுவதால் ஒரு மணித்தியாலமளவு மிச்சம்.

டிக்கெட்டில் இருக்கிற நேரத்தைப் பார்த்துக் குழம்பாதீர்கள். டுபாயில் விடிய 3.30 க்கு ஏற்றம், ரொறன்ரோவில் காலை 9.30 க்கு இறக்கம் என்று இருந்ததால் மனுசி ஆறு மணித்தியாலம் என்றுதான் நினைத்திருந்தாள், உண்மையில் 14. இரண்டும் அந்தந்த ஊர் நேரம். கோடையில் ரொறன்ரோ எங்களைவிட ஒன்பதரை மணித்தியாலம் பின்னுக்கு, குளிர்காலத்தில் பத்தரை. மருந்து குடிப்பவர்கள் இதைக் கட்டாயம் கணக்கில் எடுங்கள், நான் என் பிரஷர் குளிசைக்கு இலங்கை நேரத்திலேயே ஒரு கைக்கடிகாரத்தை விட்டுவைப்பேன்.

இரண்டாவது தடவை பட்ட பாட்டையும் சொல்லவேண்டும். மலிவாக வருகிறது என்று இரண்டு தனித்தனி டிக்கெட்டாக எடுத்தோம். முதல் விமானம் பிந்திவிட்டது, இரண்டாவது போய்விட்டது. ஒரே டிக்கெட்டாக இருந்திருந்தால் அடுத்த விமானத்தில் அவர்களே ஏற்றிவிட்டிருப்பார்கள், எங்களுக்கோ புது டிக்கெட் வாங்க வேண்டியதாகிவிட்டது, அந்தக் காசை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. அதனால் ஒரே டிக்கெட், நடுவில் குறைந்தது இரண்டரை மணித்தியாலம், இந்த இரண்டையும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சொந்தக்காரரிடம் இன்னொன்றும் சொன்னேன். விமானம் 9.30 க்கு இறங்கினாலும் குடிவரவு வரிசை, பெட்டி எடுப்பது எல்லாம் முடிய 11.30 ஆகும், கூட்டிப்போக வருகிற அவருடைய மகனை 11 மணிக்குப் பிறகு வரச் சொன்னால் போதும்.