ஈ-சைக்கிள் பேட்டரி வாங்கப் போறீங்களா? மல்டிமீட்டர் வீடியோவ நம்பி காசு போடாதீங்க

சைக்கிள்ல ஹப் மோட்டார் கிட் (சக்கரத்துக்கு நடுவுல மாட்டுற மோட்டார் செட்) மாட்டி ஓட்டுறவங்க, மாட்டலாம்னு யோசிக்கிறவங்க எல்லாரும் இத படிச்சிருங்க, கொஞ்சம் நீளம்தான். வாட்ஸ்அப்லயும் ரீல்ஸ்லயும் "36 வோல்ட் 10 ஏஎச், புது செல், ஏ கிரேடு, ஒரு வருஷ வாரண்டி"ன்னு பேட்டரி பேக் விக்கிறாங்கல்ல (ஏஎச்ங்கறது ஆம்பியர் ஹவர், பேட்டரி எவ்ளோ கொள்ளும்ங்கற அளவு), அதுல சென்னை ஆள் ஒருத்தர்கிட்ட 8,500 ரூபா குடுத்து நான் வாங்கின பேக்குக்குள்ள இருந்த சின்ன பேட்டரி அத்தனையும் பழைய செல்லு. பேர் இப்போதைக்கு போடல, புகார் ஓடிட்டு இருக்கு.

கிட் வாங்குறதெல்லாம் பெரிய விஷயமே இல்ல. 250 வாட் மோட்டார், அதுக்கு கரன்ட் அளந்து குடுக்குற கன்ட்ரோலர், கையால முறுக்குற த்ராட்டில், பிரேக் லிவர் எல்லாம் ஒரே பெட்டியில வந்துருது, ஸ்பானர் பிடிக்கத் தெரிஞ்சா ஒரு ஞாயித்துக்கிழமையில மாட்டிரலாம், 25 ஸ்பீடு தாண்டாத 250 வாட்டுக்குள்ள இருக்குறதால ரிஜிஸ்ட்ரேஷன் தொல்லையும் கிடையாது. காசு முழுங்குறது பேட்டரிதான். எனக்கு திருச்சில திருவெறும்பூர்ல இருந்து சத்திரம் பக்கம் வேலைக்குப் போகணும், போக வர 25 கிலோமீட்டர் கிட்ட. 36 வோல்ட்ட 10 ஏஎச்சால பெருக்குனா 360 வாட் ஹவர், சும்மா த்ராட்டில்லயே போனா கிலோமீட்டருக்கு 12 வாட் ஹவர் சுமாரா தின்னும், அப்போ 30 கிலோமீட்டர் வரணும், நமக்கு போதும். விசாரிச்ச எடத்துல எல்லாம் 12, 13 ஆயிரம்னாங்க, இவர் சார்ஜரோட சேத்து 8,500.

கேக்க வேண்டியத எல்லாம் கேட்டேன். என்ன செல்லு, எத்தன, புதுசா பழசா. "18650 செல் ப்ரோ, 2600 எம்ஏஎச், 10எஸ் 4பி, மொத்தம் 40 செல்லு, எல்லாமே சீல் பிரிக்காத புதுசு, நாங்க டைரக்ட் இம்போர்ட் அதான் ரேட்டு கம்மி"ன்னார். (18650ங்கறது செல்லோட சைஸ், 1000 எம்ஏஎச் சேந்தா ஒரு ஏஎச், 10எஸ் 4பின்னா நாலு நாலு செல்லா சேத்த குரூப் பத்து வரிசையா.) டெஸ்ட் பண்ணிக் காட்டுங்கன்னு கேட்டதுக்கு ஒரு வீடியோ வந்துச்சு, பேக்கோட ரெண்டு வயர்ல மல்டிமீட்டர வெச்சு 42.0ன்னு காட்டுறார், "பாத்தீங்களா ப்ரோ, ஃபுல்லா நிக்குது".

இந்த வீடியோதான் மொத்த வியாபாரமே. 10 செல்லு வரிசையா இருக்கு, ஒவ்வொன்னும் ஃபுல் சார்ஜ்ல 4.2 வோல்ட், அதனால 42, அவ்ளோதான். அஞ்சு வருஷம் லேப்டாப்ல கெடந்து செத்த செல்லக்கூட சார்ஜ்ல போட்டு எடுத்தா 4.2 காட்டும். தொட்டியில பாதிக்கு சேறு அடைச்சிருந்தாலும் மேல இருந்து பாக்குறவனுக்கு தண்ணி விளிம்பு வரைக்கும்தான் தெரியும். உள்ள எவ்ளோ இருக்குன்னு தெரியணும்னா லோடு குடுத்து வெளிய எடுத்து அளக்கணும், வேற வழியே கிடையாது, இத ஒரு ஆளும் வீடியோல காட்ட மாட்டாங்க.

பார்சல் லாரி சர்வீஸ்ல வந்துச்சு, மேல "சைக்கிள் ஸ்பேர்ஸ்"னு எழுதி. லித்தியம் பேட்டரின்னு ஒரு வார்த்தை இல்ல, எச்சரிக்கை லேபிளும் இல்ல. (இதுக்கான காரணம் அப்புறம் திருப்பி அனுப்பப் போனப்போதான் புரிஞ்சுது. பேட்டரின்னு உண்மையச் சொன்னா புக்கிங்ல எடுக்கவே மாட்டேங்குறான்.) பில்லுன்னு உள்ள இருந்தது ஒரு எஸ்டிமேட் சீட்டு, ஜிஎஸ்டி நம்பர் கிடையாது. பில்லு வேணும்னா 18 பர்சன்ட் எக்ஸ்ட்ரா ஆகும் ப்ரோன்னு பதில்.

ஓட்டிப் பாத்தா சமதளத்துல நல்லாத்தான் போச்சு, பாலம் ஏறும்போது பட்டுனு மொத்தமா ஆஃப். த்ராட்டில விட்டுட்டு கொஞ்சம் நின்னா திரும்ப உயிர் வருது, மீட்டர்ல 38 வோல்ட் காட்டுது, மறுபடி முறுக்குனா மறுபடி ஆஃப். பத்து கிலோமீட்டர் தாண்டல. ஃபோன் பண்ணா முதல்ல கன்ட்ரோலர் கோளாறுன்னார், அப்புறம் டயர்ல காத்து பாருங்கன்னார், அப்புறம் "நீங்க எத்தன கிலோ சார் இருப்பீங்க?"ன்னார். 72 கிலோ. அதுக்கு "பேடல் பண்ணிட்டே போனாதான் சார் மைலேஜ் வரும்"னு முடிச்சுட்டார். பேடல் பண்ண நான் எதுக்கு 8,500 குடுக்கணும்?

ஏன் அப்படி ஆஃப் ஆகுதுன்னு சொல்லிடுறேன், ஏன்னா இந்த அறிகுறி வந்தாலே முக்காவாசி பேட்டரிதான். மேடு ஏறும்போது மோட்டார் 12, 15 ஆம்ப்ஸ் இழுக்கும். நாலு நாலு செல்லா சேந்து பத்து குரூப் இருக்கு, அதுல ஒரே ஒரு குரூப் வீக்கா இருந்தாலும் லோடுல அதோட வோல்டேஜ் மட்டும் தடால்னு கீழ விழும், பிஎம்எஸ் (பேக்குக்குள்ள காவலுக்கு இருக்குற சர்க்யூட்) அத பாத்து மொத்தத்தையும் கட் பண்ணிரும், மத்த ஒம்போது குரூப்ல சார்ஜ் இருந்தும் பிரயோஜனம் இல்ல. லோடு போனதும் வோல்டேஜ் தானா ஏறி 38க்கு வந்துரும். அதனாலதான் நின்ன எடத்துல மீட்டர் வெச்சுப் பாத்தா எல்லாம் ஒழுங்கா இருக்குற மாதிரியே தெரியுது, விக்கிறவனுக்கும் கன்ட்ரோலர் மேல பழி போட வசதியா இருக்கு.

வீட்லயே அளக்குறதுக்கு பெரிய மிஷின் வேண்டாம். பைக் ஹெட்லைட்டுக்குப் போடுற 12 வோல்ட் 35 வாட் பல்பு மூணு வாங்கி வரிசையா கோத்தா 36 வோல்ட் லோடு ரெடி, கிட்டத்தட்ட 3 ஆம்ப்ஸ் இழுக்கும். நடுவுல ஒரு டிசி வாட் மீட்டர் போட்டுட்டா எத்தன ஏஎச் வெளிய வந்துச்சுன்னு அதுவே எண்ணிக்கும். பல்பு கொதிக்கும், டைல்ஸ் தரையில வெச்சு பக்கத்துலயே இருக்கணும். 10 ஏஎச் பேக்னா மூணு மணி நேரத்துக்கு மேல எரியணும். என்னது ஒன்னே கால் மணி நேரத்துல அணைஞ்சுது, மீட்டர்ல 3.8 ஏஎச். அணைஞ்ச உடனே பிஎம்எஸ்ஸுக்குப் போற சின்ன வயர் கனெக்டர்ல (10எஸ்ஸுக்கு 11 வயர் இருக்கும்) அடுத்தடுத்த ரெண்டு வயர்ல மீட்டர் வெச்சா குரூப் குரூப்பா தெரியும். எட்டு குரூப் மூன்றரை வோல்ட் பக்கம், ஒன்னு 2.9, ஒன்னு 2.7. இத எல்லாம் நேரமும் தேதியும் தெரியுற மாதிரி வீடியோ எடுத்து அனுப்பினேன், ப்ளூ டிக் வந்துச்சு, பதில் வரல.

நேர்ல கூப்பிட்டா "வாரண்டி சீல் இருக்குல்ல சார், பிரிச்சா நாங்க பொறுப்பில்ல". பிரிக்காம உள்ள பழசுன்னு நிரூபிக்க முடியாது, பிரிச்சா வாரண்டி போச்சு. நல்ல ஏற்பாடு. சரின்னு செல் பேக் பண்ணிக் குடுக்குற நம்ம ஊர் பையன் ஒருத்தன்கிட்ட கொண்டு போய் அவன் கையாலயே வீடியோ ஓட விட்டுப் பிரிச்சோம். நீங்களா வீட்ல கத்திய வெச்சுக் கிழிக்காதீங்க, ஷார்ட் ஆச்சுன்னா செல்லுகள இணைக்குற நிக்கல் ஸ்ட்ரிப்பே பழுத்துரும். உள்ள ஹோல்டரே இல்ல, செல்லுகள குளூ கன்ல ஒட்டி வெச்சிருக்கு. எல்லாம் ஒரே நீலக் கலர் ரேப்பர், 2600ன்னு பிரிண்ட், பாக்க புதுசுதான். ஒரு ரேப்பர உரிச்சா மைனஸ் பக்கம் பழைய வெல்டிங் புள்ளிய கிரைண்டர்ல தேய்ச்ச கோடு அப்படியே இருக்கு. ஒவ்வொன்னா எடை போட்டா சிலது 44, 45 கிராம், சிலது 36. நல்ல 18650 செல்லு 45 கிராம் கிட்ட இருக்கும், ஆக அது ஒரு பேக்குல இருந்து வந்ததுகூட கிடையாது, நாலு எடத்துக் கழிவு. டெம்பரேச்சர் சென்சார் வயர் எங்கயும் ஒட்டாம மடிச்சு சொருகி வெச்சிருந்தது.

பழைய செல்லு விக்கிறது தப்புன்னு நான் சொல்லல. லேப்டாப் செல்ல எடுத்து அளந்து பிரிச்சு, சோலார் லைட்டுக்கும் டார்ச்சுக்கும் போடுறவங்க இருக்காங்க, நல்ல வேலைதான் அது. பழசுன்னு சொல்லி பழசு ரேட்டுக்கு வித்துக்கோ. ரேப்பர் மாத்தி புதுசுங்கறதுதான் பித்தலாட்டம். 9900 எம்ஏஎச்னு போட்டு 18650 விக்கிறவங்கள பத்தி பேசவே வேண்டாம், அந்த சைஸ்ல சாதாரணமா கெடைக்குற நல்ல செல்லே 3500, 3600தான்.

ஆனா எனக்கு நெஜமா வயித்த கலக்குனது பேட்டரி இல்ல, சார்ஜர். ஸ்டிக்கர்ல 42 வோல்ட்னு இருக்கு, மீட்டர் வெச்சா 43.8. இந்த நம்பர் தெரிஞ்சவங்களுக்கு உடனே புரியும், அது எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட், வேற வகை லித்தியம்) பேட்டரி சார்ஜர், 12 செல்லுக்கு 3.65 வீதம். அத கொண்டாந்து நம்ம 10 செல்லுல போட்டா ஒவ்வொன்னுக்கும் 4.38 வோல்ட் ஏறப் பாக்கும். நடுவுல தடுக்குறது அந்த பிஎம்எஸ் ஒன்னுதான், அதுவும் சும்மா கட் ஆஃபுக்கு கடைசி காவல், தினமும் அதையே நம்பி சார்ஜ் பண்றதுக்கு இல்ல. மாடிப்படிக்கு அடியில, பெட்ரோல் வண்டி பக்கத்துல, ராத்திரி சார்ஜ் போட்டுட்டு தூங்குற வீடுதான் நம்ம வீடெல்லாம். இத சொன்னதுக்கு அவர் சொன்ன பதில்: "பிஎம்எஸ் இருக்குல சார், அது பாத்துக்கும்."

இடையில ஒரு சமாதானமும் வந்துச்சு. இன்னும் 3,000 போட்டா எல்எஃப்பி 32700 சைஸ் செல்லு பேக்கா மாத்தித் தர்றாராம். செல்லு தயாரிச்ச தேதியும் கெப்பாசிட்டி டெஸ்ட் ரிப்போர்ட்டும் கேட்டேன், அதோட நம்பர் பிளாக்.

இப்போ அந்த நம்ம ஊர் பையன்கிட்டயே பேக் போட்டிருக்கேன், 11,800 ஆச்சு. செல்ல லூசா காட்டி, நான் கை வெச்ச செல்ல டெஸ்டர்ல போட்டு கெப்பாசிட்டி காட்டினான், பில்லு குடுத்தான், சார்ஜர என் முன்னாடி அளந்தான். 42.0. பாலத்துல ஆஃப் ஆகல.

புகார் விஷயம். 1915 கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன்ல பதிவு பண்ணியாச்சு, அவங்க சமரசத்துக்கு அனுப்புறாங்க, அந்தப் பக்கம் பதில் வந்தா உண்டு. அடுத்தது நுகர்வோர் ஆணையம். 2019 சட்டத்துல நாம இருக்குற மாவட்டத்துலயே கேஸ் போடலாம், சென்னைக்கு அலைய வேண்டாம், 5 லட்சம் வரைக்கும் ஃபீஸும் கிடையாது. பில்லு இல்லன்னாலும் ஜிபே ரசீது, வாட்ஸ்அப் சாட், லாரி ரசீது எல்லாத்தையும் பிரிண்ட் எடுத்து வெச்சிருக்கேன்.

அதே வீடியோ இப்போ வேற பேர்ல வேற நம்பர்ல ஓடிட்டு இருக்கு, அதே மஞ்சள் மல்டிமீட்டர், அதே டேபிள் விரிப்பு. உங்ககிட்ட நீல ஷ்ரிங்க் போட்டு, எஸ்டிமேட் சீட்டோட, 42ன்னு ஸ்டிக்கர் ஒட்டின சார்ஜர் வந்திருந்தா எனக்கு மெசேஜ் பண்ணுங்க, ஒரே ஆள்கிட்ட ஏமாந்தவங்க ஆணையத்தோட அனுமதி வாங்கி சேந்து ஒரே புகாரா போட வழி இருக்கு. பேமென்ட் ஸ்கிரீன்ஷாட்ட அழிச்சிராதீங்க. அந்த சார்ஜர மட்டும் மீட்டர் வெச்சுப் பாக்காம இன்னைக்கு ராத்திரி ப்ளக்ல சொருகாதீங்க.