ஸ்டோரிலைனா, எச்ஃபைவ்பியா?

இணையவழிப் பாட வடிவமைப்பைத் தொழிலாக எடுப்பவர்களின் முதல் குழப்பம் இது: ஊடாடும் பாடங்களை உருவாக்கும் ஸ்டோரிலைன் (Storyline), எச்ஃபைவ்பி (H5P) ஆகிய இரண்டில் எந்தக் கருவியில் கை பழகுவது?

செலவு: ஸ்டோரிலைனுக்கு ஆண்டுச் சந்தா, தனியாளுக்குக் கையைக் கடிக்கும். எச்ஃபைவ்பி திறந்த மூல மென்பொருள்; இணையத்தில் பாடம் நடத்த உதவும் மூடுல் (Moodle) தளம் இருந்தால் கூடுதல் செலவில்லை.

எளிமை: எச்ஃபைவ்பியில் ஒரே மாலையில் காணொளிக்கு நடுவே கேள்வி செருகிவிடலாம். ஸ்டோரிலைன் பிடிபட வாரங்கள் ஆகும், அதுவும் விண்டோஸில்தான் ஓடும். பிடிபட்டபின் கோபக்கார வாடிக்கையாளரைச் சமாளிக்கும் பயிற்சியை, ஒவ்வொரு பதிலுக்கும் தனிக் கிளை பிரித்து, நினைத்தபடி கட்டலாம். எனக்கு அந்தச் சுதந்திரம்தான் பெரிது.

நீடிப்பு: சந்தா நின்றால் ஸ்டோரிலைன் மூலக்கோப்பைத் திருத்த முடியாது, ஸ்கார்ம் (SCORM) என்ற, கற்றல் தளங்கள் ஏற்கும் பொது வடிவில் ஏற்கெனவே வெளியிட்ட பாடம் மட்டும் ஓடும்.

கல்லூரி ஆசிரியருக்கு எச்ஃபைவ்பி தாராளம். நிறுவனப் பயிற்சித் துறையில் வேலை தேடுபவர் ஸ்டோரிலைனைக் கற்கட்டும். 30 நாள் இலவசச் சோதனையிலேயே ஒரு மாதிரிப் பாடம் செய்துவிடலாம்.