ஜன்னல் கண்ணாடிக்குச் செயற்கைத் துணிகள்: ஆறு ஆண்டுப் பயன்பாட்டில் கண்டவை

ஜன்னல் கண்ணாடி துடைக்கும் தொழிலில் துணிக்கு உள்ள பங்கு, வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பதைவிடச் சிறியது. கண்ணாடிப் பரப்பின் நீரை வழித்தெடுப்பது வைப்பரின் ரப்பர்தான். அது விளிம்புகளில் விட்டுச்செல்லும் விரலகல ஈரம், சட்டத்தின் மூலையில் தங்கியிருந்து மெல்ல இறங்கும் ஒன்றிரண்டு சொட்டுகள், அடிச்சட்டத்தில் தேங்கும் அழுக்கு நீர் ஆகியவையே துணியின் பொறுப்பு. ஜன்னல் துடைக்கும் தொழிலாளியான எட்டோரே ஸ்டெக்கோன் 1936-இல் காப்புரிமை பெற்ற ஒற்றை ரப்பர் பட்டை வைப்பரின் வழிவந்தவற்றையே இன்றும் கையில் பிடிக்கிறோம். ஆகவே இந்த வேலைப் பிரிவினையும் பழையதுதான். எனக்கு இது பிடிபடவே இரண்டு ஆண்டுகள் ஆயின. அதுவரை, எந்தத் துணி அதிக நீரை உறிஞ்சும் என்பதை மட்டும் பார்த்து வாங்கிக்கொண்டிருந்தேன். துடைத்த பிறகு கண்ணாடியில் எதை விட்டுச்செல்கிறது என்பதை அல்லவா பார்த்திருக்க வேண்டும்?

முதலில் வாங்கியது பிவிஏ எனப்படும் பாலிவினைல் ஆல்கஹால் ஷாமி, அதாவது ஈரத்தை ஒற்றியெடுக்கும் துண்டு. தோலால் ஆன ஷாமிக்கு மாற்றாக வந்த, நுண்துளைகள் நிறைந்த இந்தத் துண்டு காய்ந்தால் அட்டைபோல் விறைத்துவிடும். நீரில் போட்டால் சில நிமிடங்களில் தளர்ந்து வழவழப்பாகும். நனைத்துப் பிழிந்த பிறகே இது உறிஞ்சத் தொடங்கும் என்பதால், ஈரத்தை எடுக்க வந்த பொருள் தானே ஒரு மெல்லிய ஈரப் படலத்தைக் கண்ணாடியில் பூசிவிட்டுப் போகிறது. உப்பில்லாத நீரில் அலசியிருந்தால் அந்தப் படலம் தடமின்றி ஆவியாகிவிடும். கடின நீரில் அலசியிருந்தாலோ, அதில் கரைந்திருந்த கால்சிய, மெக்னீசிய உப்புகள் மங்கலான வெண்மையாக விளிம்பில் படியும். வெயில் சாய்வாக விழும்போதுதான் அது கண்ணுக்குத் தெரியும், அதற்குள் நாம் ஏணியை மடக்கியிருப்போம்.

பிவிஏ-வின் மறுக்க முடியாத சிறப்பு, அதிலிருந்து பிசிறு உதிர்வதில்லை என்பது. அடிச்சட்டத்தில் தேங்கிய நீரை ஒரே இழுப்பில் எடுத்து, பிழிந்து, உடனே அடுத்த ஜன்னலுக்குப் போகலாம். ஆனால் ஈரத்தோடு அதன் குழாய் டப்பாவில் அடைத்துவைத்தால் பூஞ்சை பிடிக்கிறது. ஒரு வாரம் மறந்து வைத்திருந்த டப்பாவைத் திறந்தபோது எழுந்த வாடையும், துண்டின் நடுவே கரும்புள்ளிகள் வட்டமாகப் பரவியிருந்த காட்சியும் இன்னும் நினைவில் இருக்கின்றன. அதிலிருந்து, வேலை முடிந்ததும் அலசி நிழலில் விறைக்கக் காயவைத்துவிடுகிறேன். விறைத்த துண்டை மடக்கினால் மடிப்பில் கீறல் விழும் என்பதால், மறுநாள் நனைத்து இளக்கிய பிறகே கைவைக்கிறேன்.

மிக நுண்ணிய செயற்கை இழைகளால் ஆன மைக்ரோஃபைபர் துணிகளுக்கு மாறியபோது பிரச்சினைகள் வேறு வகையாயின. இவை பெரும்பாலும் பாலியெஸ்டரும் பாலிஅமைடும் 80-க்கு 20 அல்லது 70-க்கு 30 என்ற விகிதத்தில் சேர்ந்தவை. இழை பிளக்கப்பட்டதா என்பதே இங்கு முதன்மையான கேள்வி. பிளந்த இழைகளுக்கு இடையிலுள்ள நுண்ணிய இடுக்குகள்தாம் நீரை இழுத்துப் பிடிக்கின்றன. பிளக்காத மலிவான துணி நீரை உறிஞ்சாமல் கண்ணாடியில் தள்ளிக்கொண்டே போகும். உலர்ந்த துணியை உள்ளங்கையின் சொரசொரப்பான பகுதியில் மெதுவாக இழுத்தால், பிளந்த இழை தோலில் சிக்கி இழுக்கும், மற்றது வழுக்கிச் செல்லும். துணி ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்பதைக் கொண்டு அதன் தடிமனை உணர்த்தும் ஜிஎஸ்எம் எண்ணையும் தராசில் சரிபார்க்கலாம். 40 சென்டிமீட்டர் சதுரத் துணி 300 ஜிஎஸ்எம் என்றால் 48 கிராம் இருக்க வேண்டும். அப்படிச் சொல்லி விற்கப்பட்ட ஒன்றை நிறுத்துப் பார்த்தபோது 36 கிராம்தான் இருந்தது. அதாவது 225 ஜிஎஸ்எம். குறைதான் என்றாலும், நான் விளிம்புக்கு விரும்புவது அந்த மெல்லிய தடிமனையே என்பதால் சண்டைக்குப் போகவில்லை.

குட்டையான இழைச்சுருள்கள் கொண்ட தடித்த துணி நீரை நிறையக் குடிக்கும், ஆனால் சட்டத்தின் மூலைக்குள் விரலோடு நுழையாது. அதோடு, நனைந்த பகுதி விளிம்பைத் தாண்டித் துடைத்து முடித்த பரப்பைத் தொட்டு, புதிய நீர்க்கோட்டை வரைந்துவிடும். கட்டம் கட்டமாக நெய்த வாஃபிள் துணி நடுத்தரம். சுருளே இல்லாத, வழவழப்பான தட்டை நெசவுத் துணிதான் விளிம்புக்கு மிகவும் பொருந்துகிறது: ஆள்காட்டி விரலின் மேல் ஒரே மடிப்பாகப் போர்த்தி, மேலிருந்து கீழாக நிறுத்தாமல் இழுத்தால் ஈரம் எடுபடுகிறது, பிசிறும் இல்லை. அது சீக்கிரம் நனைந்துவிடுவது உண்மை. அதனால் ஒரு வீட்டுக்கு ஒன்று என்று நிறுத்தாமல், நான்கைந்தை எடுத்துச்சென்று மாற்றிக்கொள்கிறேன்.

இவற்றில் எந்த வகையையும் கெடுப்பது சலவைதான். மூன்றாம் ஆண்டில், நான் இல்லாத நேரத்தில் வீட்டுத் துணிகளோடு சேர்ந்து பன்னிரண்டு துணிகள் ஃபேப்ரிக் கண்டிஷனரில் நனைந்துவிட்டன. மறுநாள் அவை தொட்ட இடமெல்லாம் எண்ணெய் பூசியதுபோல் மூட்டம் படிந்தது. பருத்தித் துண்டுகளிலிருந்து ஒட்டிக்கொண்ட பஞ்சு வேறு. கண்டிஷனர் இழைகளின் மேல் ஒரு படலமாகப் படிந்து இடுக்குகளை அடைத்துவிடுகிறது. வெந்நீரில் சோப்பில்லாமல் இரண்டு முறை அலசிய பின்னும் பாதிதான் மீண்டன. இப்போது மைக்ரோஃபைபரைத் தனியாக, கொஞ்சம் திரவச் சோப்போடு துவைத்து, கொடியில் காயப்போடுகிறேன். குளோரின் பிளீச் பாலிஅமைடைச் சிதைக்கும் என்பதால் அதையும் விட்டுவிட்டேன்.

தரையில் விழுந்த துணியை உதறிவிட்டு மறுபடி கண்ணாடியில் வைப்பது இதைவிடப் பெரிய தவறு. பொருள்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவில் கண்ணாடியின் கடினம் ஏறத்தாழ 5.5, மணலில் உள்ள குவார்ட்ஸின் கடினம் 7. மைக்ரோஃபைபரின் இடுக்குகள் நீரைப் பிடிப்பதுபோலவே மணல்துகளையும் விடாமல் பிடித்துக்கொள்ளும், உதறினால் போகாது. ஒரு பெரிய கதவுக் கண்ணாடியில் அப்படி மூன்று கீறல்களை உண்டாக்கி, அந்த வேலைக்கான கூலியைக் கேட்காமலேயே திரும்பியிருக்கிறேன்.

இன்று என் இடுப்புப் பையில் இரண்டு அறைகள் உள்ளன. ஒன்றில் தட்டை நெசவுத் துணிகள், உலர்ந்த நிலையில், கண்ணாடி விளிம்புக்கு மட்டும். மற்றொன்றில் பிழிந்த பிவிஏ துண்டு, அடிச்சட்டத்துக்கு மட்டும். வாஃபிள் துணிகளைக் கண்ணாடிக்கென்று இனி வாங்கப் போவதில்லை. கண்டிஷனரிலிருந்து மீளாத ஆறும் சட்டங்களின் தூசி தட்டுவதற்கு இன்னும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றின் ஒரு மூலையை வெட்டிவைத்திருக்கிறேன், கண்ணாடிப் பக்கம் தவறியும் போய்விடக் கூடாது என்பதற்காக.