மெத்தை சீட்டைக் காட்டி ஸ்னோமொபைல் விற்கிறார்கள், ஜாக்கிரதை

பனியில் ஓட்டும் ஸ்னோமொபைல் வண்டி பழையதாகத் தேடிக்கொண்டிருப்பவர்கள், முக்கியமாக என்னைப் போல இடுப்பு வலிக்காரர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். கனடாவின் ஒன்டாரியோவில் பாரி நகருக்கு வடக்கே நெடுஞ்சாலை ஓரமாக உள்ள ஒரு செகண்ட் ஹேண்ட் கடையில் என் தலையில் கட்டிய வண்டியைப் பற்றியது இது. தகராறு இன்னும் முடியாததால் கடையின் பெயரைப் போடவில்லை.

எனக்கு வேகம் முக்கியமில்லை. ஹாலிபர்ட்டன் பக்கத்துப் பனிப்பாதைகளில், அதாவது டிரெயில்களில், நாள் முழுக்க ஓட்டினாலும் மறுநாள் நிமிர்ந்து நடக்க வேண்டும், அவ்வளவுதான். இரவில் குரூமர் என்ற இயந்திரம் ஓடிச் சமன் செய்த பாதை காலையில் நன்றாகத்தான் இருக்கும். சனிக்கிழமை மத்தியானத்துக்குள் வண்டிகள் ஏறி இறங்கி, பாதை முழுக்க அலை அலையாக மேடு பள்ளம். மோகல் என்பார்கள். வண்டிக்கு அடியில் சுழன்று அதைத் தள்ளும் பட்டைதான் டிராக். 121 அங்குல டிராக் ஒவ்வொரு பள்ளத்திலும் விழுந்து எழும். 137 அங்குலம் என்றால் பல இடங்களில் மேட்டுக்கு மேடு தாண்டிவிடும். அதனால் 137தான் வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். ரொம்பப் பழைய வண்டியும் வேண்டாம். 2003 மாடலில் ஸ்கி-டூ கொண்டுவந்த ரெவ் அமைப்பில்தான் ஓட்டுபவரை முன்னால் தள்ளி, முழங்காலை மடக்கி, காலால் பாரத்தைத் தாங்கும்படி உட்கார வைத்தார்கள். மற்ற கம்பெனிகளும் அந்த வழிக்கு வந்தன. அதற்கு முந்தைய வண்டிகளில் காலை நீட்டிப் பின்னால் சரிந்து உட்கார வேண்டும், விழுகிற குத்தெல்லாம் நேராக முதுகுத்தண்டுக்கு.

விளம்பரத்தில் இருந்த வண்டி நான் கேட்டதற்கு அளவெடுத்த மாதிரி இருந்தது. 137 அங்குல டிராக், சூடேறும் கைப்பிடி, தடிமனான புது சீட், 'உயர்ரக சஸ்பென்ஷன் உள்ள மேல் பதிப்பு' என்ற வாசகம். நான் போனது அக்டோபரில். தரையில் பனி கிடையாது, ஓட்டிப் பார்க்க வழியில்லை. கடைக்காரர் சீட்டை அழுத்தி அழுத்திக் காட்டினார், "உட்காருங்கள் சார், சோபா தோற்றுவிடும்" என்றார். எஞ்சினைத் தொட்டால் ஏற்கெனவே சூடு. குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆகத் தகராறு செய்தாலும் வாங்க வருகிறவருக்குத் தெரியக்கூடாது என்பதற்கான பழைய தந்திரம் அது. கேட்டதற்கு, இப்போதுதான் இடம் மாற்றி நிறுத்தினோம் என்று பதில்.

பனி விழுந்து, டிரெயில் திறந்து, முதல் கொஞ்ச நேரம் ஒரு குறையும் இல்லை. அப்புறம் மோகல் ஆரம்பித்தது. ஒவ்வொரு மேட்டிலும் வண்டியின் பின்பக்கம் என்னைத் தூக்கி எறிந்தது. இறங்கினால் அடித்தட்டில் 'டங்' என்று இடி. புது சீட் ஒன்றுக்கும் உதவவில்லை. சீட் நுரை அமுங்குவது இரண்டு மூன்று அங்குலம். பின் சஸ்பென்ஷன் ஆட வேண்டியது பத்து அங்குலத்துக்கும் மேல். சொகுசு என்பது அங்கே இருக்கிறது, சீட்டில் இல்லை.

மெக்கானிக் பின் ஷாக்கை, அதாவது ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் குழாயை, கழற்றி மேசையில் வைத்து, தண்டை ஒரு கையால் உள்ளே தள்ளினார். எதிர்ப்பே இல்லாமல் போனது, போன இடத்திலேயே நின்றுவிட்டது. வாயு நிரப்பிய ஷாக் என்றால் தள்ளும்போது முரண்டு பிடிக்க வேண்டும், விட்டால் தானாக வெளியே வர வேண்டும். இதில் வாயுவும் இல்லை, எண்ணெயும் பெரும்பாலும் இல்லை. தண்டில் துருப் புள்ளிகள். எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் சீலை அறுத்தவை அவைதான். கசிவு தெரியாமல் வெளியே பளபளவென்று துடைத்து ஸ்ப்ரே அடித்திருந்தார்கள். பின்னால் வண்டி தொங்காமல் இருக்க, தளர்ந்துபோன ஸ்பிரிங்குகளின் கேமை (இறுக்கத்தைப் படிப்படியாகக் கூட்டும் திருகு) இரண்டு பக்கமும் கடைசிப் படிவரை திருகி வைத்திருந்தார்கள். அதனால்தான் கடையில் அவ்வளவு நிமிர்ந்து நின்றது!

இதைவிடப் பெரிய ஏமாற்று ஸ்டிக்கரில். பக்கவாட்டில் மேல் பதிப்பின் ஸ்டிக்கர் மினுமினுத்தது. அதன் ஓரத்தில் நகம் அகலத்துக்கு, வேறு வடிவத்தில் இன்னொரு ஸ்டிக்கர் இருந்த தடம், வெயில் படாத நிறத்தில் தெரிந்தது. வண்டியின் 17 இலக்க எண்ணை வண்டியைத் தயாரித்த கம்பெனியின் டீலரிடம் கொடுத்ததும் விஷயம் வெளியே வந்துவிட்டது. தொழிற்சாலையில் இருந்து அது வந்ததே விலை குறைந்த பதிப்பாகத்தான். பிரித்து எண்ணெய் மாற்றவே முடியாத, சீல் வைத்த ஷாக். ஒரே சட்டகம், ஒரே எஞ்சின் என்பதால் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது.

பனி இல்லாத நாளில் பார்க்கப் போனாலும் செய்யக்கூடியவை இருக்கின்றன. பின் பம்பரை உடம்பின் பாரம் முழுவதும் கொடுத்து அழுத்தி விடுங்கள். மெதுவாக எழுந்தால் நல்லது, துள்ளி எழுந்தால் ஷாக் போய்விட்டது. கேம் எந்தப் படியில் இருக்கிறது என்று குனிந்து பாருங்கள். வண்டியின் 17 இலக்க எண்ணை டீலரிடம் கொடுத்து எந்தப் பதிப்பு என்று கேளுங்கள். கடன் பாக்கி உள்ளதா என்பதையும் அதே எண்ணை வைத்து மாகாணப் பதிவேட்டில் தேடலாம். பனி இருக்கும்போது பார்க்கிறீர்கள் என்றால், கரடுமுரடான பாதையில் கொஞ்ச நேரமாவது ஓட்டாமல் பேரம் பேசாதீர்கள். வாயு குறைந்த ஷாக் முதலில் ஒழுங்காக நடிக்கும். சூடேறி எண்ணெய் நுரைத்த பிறகுதான் சாயம் வெளுக்கும்.

கடைக்காரரிடம் திரும்பிப் போனேன். பில்லில் 'உள்ளது உள்ளபடி' என்று எழுதியிருப்பதைக் காட்டினார். கார் டீலர்களுக்கான ஒன்டாரியோ சட்டத்தில் ஸ்னோமொபைல் சேராது, அந்தப் பக்கம் போய்ப் புகார் கொடுக்க முடியாது என்பதும் அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. ஆனால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பொய்யான விவரம் சொல்லி விற்றால், ஒப்பந்தம் போட்ட ஓராண்டுக்குள் எழுத்து மூலம் ரத்து கேட்கலாம். கடையில் வாங்கினால்தான் இது. தனியாளிடம் வாங்கினால் இந்த வழி கிடையாது. விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், டீலர் எழுதிக் கொடுத்த தாள், கழற்றிய ஷாக்கின் படம் எல்லாம் சேர்த்துக் கடிதம் அனுப்பினேன். சிறு வழக்கு நீதிமன்றத்துக்குப் போவேன் என்றும் எழுதினேன். 2025 அக்டோபரிலிருந்து அங்கே 50,000 டாலர் வரை வழக்குப் போடலாம்.

அதற்குப் பிறகு புது ஷாக்கின் விலைக்கு மட்டும் ஒரு காசோலை வந்தது. ஸ்பிரிங், மெக்கானிக் கூலி, பதிப்பு வித்தியாசம் எதற்கும் பதில் இல்லை. காசோலையை வங்கியில் மாற்றாமல் வைத்திருக்கிறேன், மாற்றினால் சமரசத்துக்குச் சம்மதித்ததாகிவிடுமா என்று வக்கீலிடம் கேட்டிருக்கிறேன்.