பெரம்பூர் மாலை லினக்ஸ் வகுப்பு: சேரலாமா?

மாதவரம் நெடுஞ்சாலைப் பக்கம் ஒரு மாடியில் நடக்கிறது. ஏசி பேருக்குத்தான், ஆனால் சார் நடத்தும் விதம் அருமை. ஓடும் புரோகிராமை நிறுத்த எல்லோரும் எடுத்தவுடன் 'கில் -9' என்ற கட்டளையை அடிப்போம். "அவசரப்படாதீங்கப்பா" என்று தடுத்தார். வெறும் 'கில்' அனுப்புவது 15ஆம் சிக்னல், அதாவது 'முடித்துக்கொள்' என்று புரோகிராமுக்குப் போகும் செய்தி. புரோகிராம் தற்காலிகக் கோப்புகளை அழித்துவிட்டு ஒழுங்காக வெளியேறலாம். அதற்கும் மசியாவிட்டால்தான் 9. அதைத் தடுக்க எந்தப் புரோகிராமாலும் முடியாது, லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலே கதையை முடித்துவிடும். அப்படி முடித்ததை அது ஓடிய ஷெல்லில் (நாம் அடிக்கும் கட்டளையை வாங்கி ஓட்டுவது), கடைசிக் கட்டளை எப்படி முடிந்தது என்று எண்ணாகச் சொல்லும் 'எக்கோ $?' அடித்துக் காட்டினார்: 137, அதாவது சிக்னலால் முடிந்ததற்கு ஷெல் சேர்க்கும் 128 கூட்டல் 9. அப்புறம், கட்டளை அடிக்கும் திரையான டெர்மினலை மூடினால் வேலையும் சேர்ந்து போவது ஹேங்கப் சிக்னலால்; கட்டளைக்கு முன்னால் 'நோஹப்' போட்டால் தப்பிக்கும். ஒரே டெர்மினலில் பல வேலைகளைப் பிரித்து ஓட்ட உதவும் டிமக்ஸை மட்டும் அவசரமாக ஓட்டிவிட்டார், அதில் எனக்கு வருத்தம்தான். கட்டணம் சற்று அதிகம். வண்டி நிறுத்த இடமில்லை, ரயிலில் போவது நல்லது.