வாங்கிய கடன் யார் தலையில்? பிலடெல்பியா இன்க்வயரரும் சிகாகோ ட்ரிப்யூனும்

வரி விளம்பரத்தை இணையம் தின்றது இந்த இரண்டு அமெரிக்கப் பத்திரிகைகளுக்கும் பொது. அதில் அலச ஒன்றுமில்லை. பார்க்க வேண்டியது, ஒவ்வொரு முறை கைமாறியபோதும் வாங்கிய கடன் எந்தக் கணக்கில் ஏறியது என்பதைத்தான். அந்தக் கணக்கில் என் ஓட்டு பிலடெல்பியாவுக்கு.

சிகாகோ கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2007-இல் ரியல் எஸ்டேட் முதலாளி சாம் செல் 820 கோடி டாலருக்கு ட்ரிப்யூன் குழுமத்தை எடுத்தார். அவர் கையிலிருந்து போனது 31.5 கோடி. மிச்சமெல்லாம் கம்பெனி பெயரிலேயே கடன். காகிதத்தில் உரிமையாளர் ஊழியர்களின் ஓய்வுக்காலப் பங்குத் திட்டம்! ஒரே வருடத்தில், 2008 டிசம்பரில், திவால் மனு. வெளியே வர நான்கு வருடம் ஆனது. 2014-இல் பத்திரிகைகளைத் தனிக் கம்பெனியாகப் பிரித்தபோது கட்டடங்களைத் தாய்க் கம்பெனி வைத்துக்கொண்டது. போதாக்குறைக்குப் புதுக் கம்பெனி கடன் வாங்கித் தாய்க்கு 27.5 கோடி டாலர் கொடுத்தது. ட்ரிப்யூன் டவர் 2016-இல் 24 கோடிக்கு விற்றது. பத்திரிகைக்கு அதில் ஒரு பைசா இல்லை. சொந்தப் பெயர் தாங்கிய கோபுரத்தில் வாடகைக்கு இருந்து 2018-இல் காலி செய்தது. 2021-இல் ஆல்டன் என்ற முதலீட்டு நிறுவனம் பத்திரிகையை வாங்கியதும் சில நாட்களிலேயே விருப்ப ஓய்வுக் கடிதங்கள்.

பிலடெல்பியாவும் இதே குழியில் விழுந்ததுதான். இன்க்வயரரையும் அதே ஊரின் டெய்லி நியூஸையும் சேர்த்து 1969-இல் அப்போதைய உரிமையாளர் வால்டர் அன்னன்பர்க் 5.5 கோடி டாலருக்கு விற்றார். 2006-இல் உள்ளூர் முதலீட்டாளர்கள் பெருங்கடனோடு கொடுத்த விலை 56.2 கோடி. 2009-இல் திவால்; அடுத்த வருடம் ஏலத்தில் கடன் கொடுத்தவர்களே எடுத்துக்கொண்டார்கள். 2012-இல் மறுபடி விற்றபோது விலை? அதே 5.5 கோடி. நாற்பத்து மூன்று வருட விலைவாசி உயர்வைக் கழித்துப் பாருங்கள்.

2012-இல் வாங்கியவர்களுக்குள் பங்காளிச் சண்டை முற்றி 2014-இல் வந்த ஏலத்தில், அவர்களில் இருவரான லூயிஸ் காட்ஸும் ஜெரி லென்ஃபெஸ்டும் 8.8 கோடிக்கு எடுத்தார்கள். சில நாளில் விமான விபத்தில் காட்ஸ் இறந்தார். 2016 ஜனவரியில் லென்ஃபெஸ்ட் பத்திரிகையை விற்கவில்லை, தானமாகக் கொடுத்தார்; கூடவே 2 கோடி டாலர் ரொக்கமும். இதில் சூட்சுமம் அமைப்பில் இருக்கிறது. பத்திரிகை, பொதுநலன் சார்ந்த வணிகக் கம்பெனியாகவே நீடிக்கிறது. உரிமை மட்டும் பிலடெல்பியா ஃபவுண்டேஷனின் கீழுள்ள லாப நோக்கற்ற நிறுவனத்திடம். பத்திரிகையே அறக்கட்டளை ஆகியிருந்தால், அமெரிக்க வரிச் சட்டப்படி தேர்தலில் வேட்பாளரை ஆதரித்துத் தலையங்கம் எழுத முடியாது. இப்போது எழுதலாம். லாபப் பங்கு கேட்டு நிற்கும் முதலாளியும் இல்லை, வாங்கிய கடனுக்கு வட்டியும் இல்லை.

தானம் வருமானத்தைக் கொண்டுவந்துவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2021-இல் இன்க்வயரர் தன் அச்சகத்தை மூடி, சுமார் 500 பேரை வீட்டுக்கு அனுப்பியது. அச்சு வேலை அப்போது ஆற்றுக்கு அப்பால், நியூஜெர்சியில் வேறொருவர் அச்சகத்துக்குப் போனது. ஆனால் அச்சகம் விற்ற காசு பழைய முதலாளி வாங்கிய கடனை அடைக்கப் போகவில்லை. சிகாகோவில் அதுவே பிழைப்பாக இருந்தது.