பூட்டியைத் தேடிக் கொடுத்தவர்கள்: மதுரையில் ஒரு குடும்ப வரலாற்றுச் சேவை

என் அம்மாவின் அம்மாவைப் பெற்றவரை, அதாவது என் பூட்டியை, எங்கள் வீட்டில் ‘வாத்திச்சி’ என்றே சொல்வார்கள். அவருடைய இயற்பெயர் பாட்டி காலத்திலேயே புழக்கத்திலிருந்து போய்விட்டது. தாது வருஷத்துப் பஞ்சத்தில் பெற்றோரைப் பறிகொடுத்தவர், மிஷன் விடுதியில் வளர்ந்தவர், திருச்சுழிப் பக்கம் ஒரு கிராமத்தில் பெண் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர், கடைசிக் காலத்தைத் திருமங்கலத்தில் கழித்தவர் என்ற நான்கு செய்திகள் மட்டும் வாய்வழியாக வந்து சேர்ந்திருந்தன. புகைப்படம் இல்லை, கடிதம் இல்லை, கல்லறை எங்கே என்றும் தெரியாது. அவரைத் தேடித் தரும்படி மதுரையில் ஒரு சேவையிடம் பணம் கட்டினேன். ஒன்பது மாதத்துக்குப் பிறகு கிடைத்த 46 பக்க அறிக்கையையும், அது உருவான விதத்தையும் பற்றியதே இந்த மதிப்புரை.

வடக்கு மாசி வீதியை ஒட்டிய சந்தில் ஒரு மாடி அறையில் இந்தச் சேவை நடக்கிறது. விளம்பரம் செய்வதில்லை, பெயர்ப் பலகையும் கிடையாது; பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் நானும் எழுதவில்லை. பதிவுத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஐயா ஒருவரும், வரலாறு படித்த இளம்பெண் ஒருவரும் சேர்ந்து நடத்துகிறார்கள். முன்பணமாக 6,000 ரூபாயும், பயணம், நகல், தேடுதல் கட்டணம் எல்லாம் சேர்த்து மொத்தமாக 18,500 ரூபாயும் செலுத்தினேன்.

இதற்கு முன் இணையம் வழியாக நடக்கும் வேறொரு நிறுவனத்திடம் ஏமாந்த அனுபவம் எனக்கு உண்டு. அவர்கள் ஒரே வாரத்தில் ஓர் அரச வம்சம் வரை நீளும் வரைபடத்தை வண்ணத்தில் அச்சிட்டு அனுப்பினார்கள். அதில் பூட்டன் இருந்தார், அவர் அப்பா இருந்தார், அவருடைய தாத்தாவும் இருந்தார். பூட்டி இருக்க வேண்டிய இடத்தில் ‘மனைவி’ என்ற ஒரு சொல் மட்டும் இருந்தது. பெண் வழி முன்னோரைத் தேடுவதில் உள்ள அடிப்படைச் சிக்கலே இதுதான். அம்மா, அம்மாவின் அம்மா, அவருடைய அம்மா என்று பின்னோக்கிப் போகும்போது ஒவ்வொரு தலைமுறையிலும் தகப்பன் பெயர் மாறுகிறது, ஊர் மாறுகிறது, ஆவணங்களில் அடையாளம் ‘இன்னார் மகள்’ என்பதிலிருந்து ‘இன்னார் மனைவி’ என்று மாறி, பிறகு ‘இன்னாரின் விதவை’ என்று முடிகிறது. பஞ்சத்தில் அனாதையாகி மிஷனுக்குள் வந்த பிள்ளைக்கு ஞானஸ்நானத்தின்போது புதுப் பெயரும் வைத்துவிட்டால், அதற்கு முந்தைய நூலும் அறுந்துபோகிறது.

மாசி வீதிக்காரர்கள் தொடங்கிய இடமே எனக்கு நம்பிக்கை தந்தது. முதல் சந்திப்பில் ஐயா என்னிடம் வம்சாவளி எதையும் கேட்கவில்லை. “டீச்சர், உங்கள் பாட்டி குடியிருந்த வீடு யாருடையது, யாருக்கு விற்றார்கள்?” என்றுதான் கேட்டார். திருமங்கலத்து வீட்டைப் பாட்டி 1968-ல் விற்றுவிட்டார் என்றேன். விற்றது பெண் என்றால், அவருக்கு அந்த வீடு எப்படி வந்தது என்பதை அந்தக் கிரயப் பத்திரமே சொல்லும் என்றார். அவர் சொன்னபடியே நடந்தது. பாட்டி எழுதிக் கொடுத்த கிரயப் பத்திரத்தில், தம் தாயார் 1934-ல் தமக்கு எழுதிவைத்த தான செட்டில்மெண்ட் மூலம் அந்த வீடு வந்தது என்ற விவரமும், அந்த ஆவணத்தின் எண்ணும், புத்தகம், தொகுதி, பக்கம் எல்லாமும் வரிசையாக இருந்தன. பத்திர எழுத்தர்கள் இத்தகைய முந்தைய ஆவணத்தைத் தாய்ப்பத்திரம் என்பார்கள். வீடு வாங்கும்போது எத்தனையோ முறை கேட்ட சொல்தான்; பாட்டியின் தாயார் எழுதிய பத்திரத்தை அந்தப் பெயரால் ஐயா குறிப்பிட்டபோது எனக்குச் சற்று நேரம் பேச்சு எழவில்லை.

பதிவு அலுவலகத்தின் பழைய தொகுதிகளில் இருப்பது எழுத்தர் கையால் பார்த்தெழுதிய நகல்தான். எழுதிக் கொடுத்தவரின் கையெழுத்து அதில் இருக்காது. ஆகவே அசலைப் பார்க்க வேண்டும் என்று ஐயா உறுதியாக இருந்தார். வீட்டின் இன்றைய உரிமையாளரிடம் மூன்று முறை சென்று, நோக்கத்தை விளக்கி, அவர் முன்னிலையிலேயே பார்த்துவிட்டுத் திருப்பித் தருவதாகச் சொல்லி அனுமதி வாங்கினார். நானும் உடன் போனேன். நான்காக மடித்து, மடிப்பு முனைகளில் துளை விழுந்திருந்த முத்திரைத் தாள் அது. சாட்சிகள் இருவரில் ஒருவருடையது கைநாட்டு. நீல மை பரவி ரேகை தெளிவில்லாமல் இருந்தது. அதற்கு மேலே, எழுதிக் கொடுப்பவர் என்ற இடத்தில், பூட்டியின் கையெழுத்து. புள்ளி வைக்காத எழுத்துகள், நடுவில் துதிக்கை போட்ட பழைய ‘லை’, கடைசி எழுத்தின் கீழே ஆழமாக அழுத்தி இழுத்த ஒரு கோடு. சிலேட்டில் குச்சி பிடித்து எழுதப் பழக்கும் கைக்கு அந்த அழுத்தம் வரும் என்பது ஆசிரியையான எனக்குத் தெரியும். 1901 கணக்கெடுப்பில் இந்தியா முழுவதிலும் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை, 0.6 விழுக்காடுதான், அந்த ஆண்டில் பூட்டிக்கு இருபத்து நான்கு, இருபத்தைந்து வயது இருந்திருக்கும்.

பத்திரத்தின் உள்ளே இன்னொரு செய்தியும் இருந்தது. வீடு அவருடைய ‘சுயார்ஜிதம்’ என்று எழுதப்பட்டிருந்தது. அதாவது கணவர் வழியிலோ, பிதுரார்ஜிதம் எனப்படும் முன்னோர் சொத்தாகவோ வந்ததன்று, உபாத்தியாயினி (ஆசிரியை) வேலை பார்த்துத் தாமே சம்பாதித்தது. அதைத் தம் மகளுக்கு, மகன்கள் இருவர் இருக்கையிலேயே, எழுதி வைத்திருக்கிறார். இந்தச் செய்தி எங்கள் வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. எண்பது வயதைக் கடந்த என் அம்மாவிடம் அந்த வரியைப் படித்துக் காட்டியபோது, இன்னொரு முறை படிக்கச் சொன்னார்.

மிஷன் தொடர்பான பகுதியை அந்த இளம்பெண் செய்தார். அமெரிக்க மதுரை மிஷன் 1834-ல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களால் தொடங்கப்பட்டது. அதன் சபைகள் 1908-ல் தென்னிந்திய ஐக்கிய சபையிலும், 1947-ல் தென்னிந்தியத் திருச்சபையிலும் இணைந்தன. நிர்வாகம் இப்படி மாறியதால் பழைய பதிவேடுகள் ஒரே இடத்தில் இல்லை; உள்ளூர்ச் சபைகளில் சில இருக்கின்றன, தாய் அமைப்பின் கடிதங்களும் அறிக்கைகளும் அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹூட்டன் நூலகத்தில் இருக்கின்றன. அச்சான ஆண்டறிக்கைகளில் பலவற்றை இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம் என்பதை அந்தப் பெண் முதலிலேயே என்னிடம் சொல்லிவிட்டார். கட்டணம் வாங்கும் ஒருவர் இதைச் சொல்வது அரிது. நானும் வீட்டில் உட்கார்ந்து சில இரவுகள் படித்துப் பார்த்தேன். சபைகளில் ஊழியம் செய்த உபதேசியார்களுக்குப் பெயர் இருக்கிறது. பெண் ஆசிரியைகள் பெரும்பாலும் அட்டவணையில் ஓர் எண்ணாக மட்டுமே இருக்கிறார்கள்.

அந்த எண்ணுக்குள் இருக்கும் பெண்ணை வெளியே கொண்டுவர அவர் செய்த வேலை நுணுக்கமானது. திருமணப் பதிவேட்டில் 1897-ஆம் ஆண்டுப் பதிவு ஒன்றைக் கண்டுபிடித்தார். அதில் மணமகனின் பெயர் 1934 பத்திரத்தில் உள்ள கணவர் பெயரோடு பொருந்தியது, மணமகளின் தொழிலாக உபாத்தியாயினி என்று இருந்தது, மணமகளின் தகப்பன் பெயருக்கான கட்டம் காலியாக இருந்தது. ஆனால் மணமகளின் பெயர் பத்திரத்தில் உள்ள பெயரன்று. ஒன்று ஞானஸ்நானப் பெயர், மற்றது வீட்டுப் பெயர் என்று வெறுமனே சொல்லி விட்டுவிடாமல், இரண்டு பெயரும் ஒரே வரியில் வரும் பிறிதொரு பதிவைத் தேடி, என் பாட்டியின் ஞானஸ்நானப் பதிவில் தாயார் பெயர் இரண்டு விதமாகவும் எழுதப்பட்டிருப்பதைக் கண்டு இணைத்தார். வயதைக் கணிக்க எங்கள் வாய்மொழிச் செய்தி கைகொடுத்தது: தாது வருஷம் என்பது 1876 சித்திரை முதல் 1877 பங்குனி வரை, திருமணப் பதிவில் குறிக்கப்பட்ட 20 வயது அதனோடு ஒத்துப்போகிறது.

ஆவணம் தேடுவோர்க்குப் பயன்படும் இன்னொரு செய்தியையும் இவர்களிடமே கற்றேன். திருச்சுழி இன்று விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிறது. 1985 வரை அது இராமநாதபுரம் மாவட்டம். 1910-ல் அந்த மாவட்டம் உருவாகும் முன் மதுரை மாவட்டம். ஆகவே ஒரே கிராமத்துக் காகிதங்களை மூன்று மாவட்டங்களின் கீழ் தேட வேண்டியிருக்கிறது. வருவாய்க் காகிதங்களில் பசலி என்ற வருவாய்க் கணக்கு ஆண்டு வரும். அதனோடு 590 கூட்டினால் அந்தப் பசலி தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1310 என்றால் 1900 ஜூலையில் தொடங்குவது.

அறிக்கையின் அமைப்பைத் தனியாகப் பாராட்ட வேண்டும். ஒவ்வொரு செய்தியின் ஓரத்திலும் ‘ஆவணம்’, ‘வாய்மொழி’, ‘ஊகம்’ என்ற மூன்றில் ஒன்று குறிக்கப்பட்டிருக்கிறது. இதில் எனக்கும் ஐயாவுக்கும் ஒரு வாக்குவாதமே நடந்தது. அந்த ஊரின் முதல் பெண் ஆசிரியை எங்கள் பூட்டிதான் என்று குடும்பத்தில் எல்லோரும் நம்புகிறோம். அப்படியே எழுதித் தரும்படி கேட்டேன். அவர் மறுத்துவிட்டார். பூட்டிக்கு முந்தைய சில ஆண்டுகளின் காகிதங்கள் கிடைக்காத நிலையில், ‘கிடைத்த ஆவணங்களில் முதலில் காணப்படும் பெண் ஆசிரியை’ என்றுதான் எழுத முடியும் என்றார். அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது. பூட்டிக்கு முன்னால் இன்னொரு பெண் அதே ஊரில் கரும்பலகை முன் நின்றிருந்து, அவருடைய கொள்ளுப்பேத்தியும் எங்கேயோ தேடிக்கொண்டிருந்தால், அவரை நான் அழித்தவளாவேன் என்பது வீட்டுக்கு வந்த பிறகு புரிந்தது. ஐயா எழுதியபடியே இருக்கட்டும் என்று மறுநாள் சொல்லிவிட்டேன்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். நான்கு மாதத்தில் முடிப்பதாகச் சொன்ன வேலை ஒன்பது மாதம் இழுத்தது. இடையில் ஏழு வாரம் எந்தத் தகவலும் இல்லை, நான்தான் மாடி ஏறிப் போய்க் கேட்க வேண்டியிருந்தது. முதல் வரைவில் வம்சாவளி அட்டவணையை இவர்களும் பூட்டனின் பெயரில்தான் தொடங்கியிருந்தார்கள்; மென்பொருளின் அமைப்பு அப்படி என்றார்கள். பூட்டியை முதலில் வைத்து மறுபடி வரையச் சொன்னேன், செய்து கொடுத்தார்கள். ஆங்கில அறிக்கையில் பெண் ஆசிரியையைக் குறிக்கும் ‘மிஸ்ட்ரஸ்’ என்ற சொல்லை ஓரிடத்தில் ‘எஜமானி’ என்று மொழிபெயர்த்திருந்தார்கள். கவனிக்காமல் விட்டிருந்தால் பூட்டிக்கு இல்லாத ஒரு பண்ணையை எங்கள் பேரப்பிள்ளைகள் கற்பனை செய்திருப்பார்கள். உயிரோடு இருக்கும் உறவினர்களின் பிறந்த தேதியும் கைப்பேசி எண்ணும் வரைவில் அப்படியே அச்சாகியிருந்தன. நான் சொல்லித்தான் நீக்கினார்கள். இதை அவர்களே ஒரு விதியாக வைத்துக்கொள்ள வேண்டும். புகைப்பட நகல்களின் தரமும் போதாது. கையெழுத்துப் பக்கத்தை நான் என் கைப்பேசியில் தனியாக எடுத்து வைத்திருக்காவிட்டால், துதிக்கை ‘லை’ வெறும் கறையாகத்தான் மிஞ்சியிருக்கும்.

இந்தச் சேவையை நாடுகிறவர்கள் போவதற்கு முன் வீட்டில் உள்ள வயதான பெண்களை உட்காரவைத்துப் பேசவிட்டு, குறுக்கிடாமல் பதிவு செய்துகொள்ளுங்கள். பழைய பத்திரம், வரி ரசீது, ஜெபப் புத்தகத்தின் உள் அட்டையில் எழுதிய தேதி, பாத்திரத்தில் வெட்டிய பெயர் எதையும் அற்பமென்று ஒதுக்காதீர்கள். சொத்து எதையும் வாங்காத, விற்காத, எந்தச் சபைப் பதிவேட்டிலும் ஏறாத பெண்ணைத் தேடுவதாக இருந்தால் செலவு செய்வதற்கு முன் ஐயாவிடம் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். கிடைக்காது என்று தோன்றினால் அவரே முன்பணம் வாங்குவதில்லை.

பூட்டி பிறந்த ஊரைக் கண்டுபிடித்துத் தருவதும் எங்கள் ஒப்பந்தத்தில் இருந்தது. விடுதியில் சேர்த்துக்கொண்ட பஞ்சத்துப் பிள்ளைகளைப் பற்றிய குறிப்புகளை அந்தப் பெண் நீண்ட நாள் தேடியும் பயனில்லை. அறிக்கையின் 9-ஆம் பக்கத்தில் ‘பிறந்த ஊர்’ என்ற தலைப்பின் கீழ், தேடிய பதிவேடுகளின் விவரம் மட்டும் அரைப் பக்கத்துக்கு இருக்கிறது, மீதி அரைப் பக்கம் காலி. அந்தப் பகுதிக்காக நான் கட்டிய 2,000 ரூபாயை, அறிக்கையோடு சேர்த்து ஓர் உறையில் வைத்துத் திருப்பிக் கொடுத்தார் ஐயா.